பேர் வெட்டும் பூரணமும் பித்தளை எஞ்சினும்

கல்யாணப் பந்தியில் ஞானபூரணம் உட்கார்ந்தால், இலையில் என்ன விழுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் பக்கத்திலிருக்கும் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி அடியைப் பார்ப்பாள். "இது நான் வெட்டுனது" என்பாள் திருப்தியாக. இல்லையென்றால், "எவன் வெட்டுனானோ, கோழி கிண்டுன மாதிரி கிண்டி வச்சிருக்கான்" என்று பரிமாறுகிறவருக்கும் கேட்கும்படி சொல்வாள். கூட வந்தவர்களுக்கு மானம் போகும். அவளுக்கு அதைப் பற்றி என்ன கவலை? சங்கரன்கோவிலில் பாதி வீட்டுப் பாத்திரங்களில் பேர் வெட்டிய கை அது.

தேரடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சியின் பாத்திரக்கடை. உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு ஸ்டூல், ஒரு மேஜை விளக்கு, பேர் வெட்டும் மெஷின். வாங்கிய பாத்திரத்தைக் கடைப்பையன்கள் அவள் முன்னால் வைத்தால் போதும், நிமிர்ந்து பார்க்காமல் கேட்பாள்: "யாரு பேரு?" சொன்ன பேர், சொன்ன ஊர், விசேஷ வீடு என்றால் தேதியும் சேர்த்து, டிர்ரென்று புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டே போகும். மெஷின் வருவதற்கு முன்னால் சின்ன உளியும் சுத்தியலும்தான். அந்த உளியை இன்றைக்கும் அவள் கைப்பையில் வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "கரண்ட் போனா உங்க வாயாலயா வெட்டுவீங்க?" என்பாள்.

பேர் இல்லாத பாத்திரம் யாருடைய பாத்திரமும் இல்லை என்பது அவள் சட்டம். விசேஷ வீட்டில் இரவல் வாங்கிய அண்டாவும் சருவச்சட்டியும் ஒன்றோடொன்று கலந்து போய், இது எங்களது, அது உங்களது என்று சண்டை வந்தால் ஞானபூரணத்தைக் கூப்பிட்டு விடுவார்கள். அவள் பாத்திரத்தைக் கவிழ்ப்பாள், கட்டைவிரலால் தடவுவாள். "பேரு இருக்குல்லா? பெறகு என்ன பேச்சு?" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்களை இங்கே எழுதினால் எழுதுகிறவனுக்குத்தான் கெட்ட பேர் வரும். ஸ்டேஷனுக்குப் பின்னால் தம்பி விஜயராஜ் வீட்டில் இருக்கிறாள். விஜயராஜ் லேத் பட்டறை வைத்து விசைத்தறிகளுக்கு ஸ்பேர் கடைந்து கொடுக்கிறான். அந்த வீட்டுப் பாத்திரங்களில் அவன் பேர் இருக்கும், அவன் பெண்டாட்டி ஏஞ்சல் கொண்டுவந்த சீதனத்தில் அவள் அப்பா பேர் இருக்கும். ஞானபூரணம் என்று ஒரு டம்ளரில்கூடக் கிடையாது. ஊருக்கெல்லாம் பேர் வெட்டுகிறவளுக்குத் தனக்கென்று வெட்டிக்கொள்ள ஒரு சாமானும் வாய்க்கவில்லை. இதை அவள் ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நினைக்காமலும் இல்லை.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த மறுவாரம், பழைய பாத்திரம் எடுக்கும் துரைப்பாண்டி லோடு ஆட்டோவில் இரண்டு சாக்கு கொண்டுவந்து கடை வாசலில் கொட்டினான். ஓட்டைத் தவலை, காது போன போணி, நசுங்கிய கூஜா. அவற்றுக்கு நடுவே முழங்கை நீளத்துக்குக் கரிக்கட்டையாக ஒரு சாமான் உருண்டு வந்து அண்ணாச்சி காலடியில் நின்றது.

"என்ன வே இது? வெந்நீர் பாய்லரா?" என்றார் அண்ணாச்சி.

"இடியாப்ப உரலா இருக்கும் அண்ணாச்சி. கைப்பிடி போயிருக்கு" என்றான் துரைப்பாண்டி.

ஞானபூரணம் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சக்கரம் வச்ச இடியாப்ப உரல எந்த ஊர்ல பாத்தீரு?"

அப்போதுதான் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஆறு சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது. உருளையான வயிறு ஒரு பக்கம் உள்வாங்கிக் கிடந்தது. புகைபோக்கி இருந்த இடத்தில் ஓட்டை. பொம்மை ரயில் எஞ்சின். கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. அடி வயிற்றில் விளக்குத் தட்டு மாதிரி ஒன்று இருந்தது. உள்ளே தண்ணீர் விட்டு, கீழே நெருப்பு வைத்து, நிஜமாகவே நீராவியில் ஓடுகிற எஞ்சின் என்று அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பாத்திரக்கடைக்காரிக்கு அடுப்பு எது, பானை எது என்று தெரியாதா?

"அண்ணாச்சி, இத எனக்குத் தாங்க."

"இத வச்சு என்ன செய்யப் போற?"

"செய்யுதேன். கிறிஸ்மஸுக்கு எனக்கு ஒரு குக்கர் தாரேன்னு சொன்னீங்கல்லா? இந்த வருசம் அது வேண்டாம். இத எடுத்துக்கிடுதேன்."

அண்ணாச்சிக்கு லாபம்தான். தலையை ஆட்டிவிட்டார். வீட்டில்தான் ரகளை. அந்தக் குக்கரை நம்பிப் பழைய குக்கரின் கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தாள் ஏஞ்சல். "குக்கர் வருதுன்னு இருந்தேன், கூட்ஸ் வண்டி வந்திருக்கு" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஞானபூரணம் செய்த காரியத்தை வேறு ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பித்தளைச் சாமான் கைக்கு வந்தால் இந்தப் பக்கத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? புளியைக் கரைத்து ஊறப்போட்டாள். மறுநாள் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தாள். தண்ணீர் பச்சைப் பச்சையாக ஓடியது. 'எவ்வளவு களிம்பு ஏறியிருக்கு பாரு' என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். மத்தியானத்துக்குள் எஞ்சின் குத்துவிளக்கு மாதிரி தகதகத்தது. ஏஞ்சலுக்கே கொஞ்சம் கோபம் இறங்கியது.

விஜயராஜ் அதைப் போட்டோ பிடித்து, பழைய பொம்மை ரயில் சேகரிக்கிறவர்களின் பேஸ்புக் குழு ஒன்றில் போட்டு, இது எந்த ஊர்ச் சாமான் என்று கேட்டான். சாயங்காலத்துக்குள் மழை கொட்டின மாதிரி பதில் வந்து விழுந்தது. முக்கால்வாசி ஒரே கேள்விதான்.

"பெயின்ட் இருந்துச்சான்னு கேக்காங்கக்கா" என்றான்.

"பெயின்ட்டா? களிம்புதான் இருந்துச்சு. பச்சையா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது களிம்பு இல்லை. எத்தனையோ வருஷத்துப் பச்சைப் பெயின்ட். அவள் அதைப் புளி போட்டுக் கழுவி வாய்க்காலில் விட்டிருந்தாள். ஞானபூரணம் லேசில் அழுகிறவள் இல்லை. அன்றைக்குப் பின்வாசலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஏஞ்சல் குக்கரை மறந்துவிட்டு காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஆனால் எஞ்சினுக்கும் நல்ல காலம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிரைவர் நிற்கும் கூண்டின் உள்மூலையில், அவள் விரல் நுழையாத இடத்தில், நகம் அளவுக்குப் பெயின்ட் தப்பியிருந்தது. பச்சையில் மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு. அதைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போட்டதும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குதித்துக்கொண்டு எழுதினார். மில்லில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சிவப்புக் கோட்டையும் சக்கரக் கம்பிகளின் வளைவையும் வைத்து இன்ன கம்பெனி என்று சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் கொஞ்ச காலம் இருந்து மூடிப்போன சின்னக் கம்பெனி. பேர் ஞானபூரணத்தின் வாயில் நுழையவில்லை. ஸ்பிரிட் விளக்கில் ஓடும் எஞ்சின். முன்பக்கம் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும், புகைபோக்கி மேலே போகப் போக விரியும், நீராவி தள்ளினால் விசில் அடிக்கும் என்று ஒன்றுவிடாமல் எழுதி, தன்னிடம் இருந்த பழைய படத்தையும் அனுப்பி வைத்தார். தேய்த்ததற்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. 'என் வீட்டம்மாவும் இதைத்தான் செய்திருப்பாள்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதிலிருந்து அக்காவும் தம்பியும் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்தால் பட்டறைதான். கருவேலங்கட்டையை உருண்டையாகக் கடைந்து, வயிற்றுக்குள் விட்டுத் தட்டித் தட்டிச் சொட்டையை எடுத்தார்கள். விட்டுப்போன மூட்டுகளை நகைப் பட்டறையில் கொடுத்து வெள்ளிப் பற்று வைத்தார்கள். இரண்டு சக்கரத்தை விஜயராஜ் கடைந்தான். கம்பிகளின் வளைவை அவள் அரத்தால் அராவி எடுத்தாள். அது அவள் கை வேலை, தம்பியைத் தொடவிடவில்லை. புகைபோக்கிக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கடையிலேயே கிடைத்தது. எக்ஸ்சேஞ்சுக்கு வந்த உடைந்த பன்னீர்ச் செம்பின் கழுத்து, தலைகீழாகப் பிடித்தால் மேலே போகப் போக விரிந்து, படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அதை வெட்டி வைத்ததும் எஞ்சினுக்கு முகம் வந்துவிட்டது.

"காத்து அடிச்சுப் பாக்கட்டா?" என்று சைக்கிள் பம்பை எடுத்தான் விஜயராஜ்.

"ஏலே, வெடிச்சா குண்டு மாதிரி தெறிக்கும்னு கோயம்புத்தூர் சார் எழுதியிருக்காருல்லா? தண்ணிய அடைச்சுத்தான் பாக்கணும்."

வயலுக்கு மருந்தடிக்கும் பம்பை இரவல் வாங்கி, வயிறு நிறையத் தண்ணீர் ஏற்றி, அழுத்திப் பார்த்தார்கள். எங்கேயும் ஒரு சொட்டுக் கசியவில்லை. பெயின்ட் திரும்ப அடிக்கவா வேண்டாமா என்று குழுவில் ஒரு வாரம் அடிதடி நடந்தது. ஞானபூரணம் முடிவு செய்துவிட்டாள். "போனது போச்சு. அந்த நகத்துண்டு இருக்குல்லா, அது போதும். மிச்சம் பித்தளையாவே இருக்கட்டும்."

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் தரையில் பட்டைக் கம்பியால் தண்டவாளம் போட்டு, எஞ்சினை வைத்து, தண்ணீரும் ஊற்றியாயிற்று. பார்த்தால் ஸ்பிரிட் வாங்க மறந்திருந்தார்கள். மெடிக்கலுக்கு ஆள் அனுப்பலாம். ஆனால் அண்ணாச்சிக்குப் பொறுமை இல்லை. ஆரம்பத்தில் வெந்நீர் பாய்லரா என்று கேட்டவர்தான், இப்போது எல்லாரையும்விட முந்திக்கொண்டு நின்றார். "கற்பூரம் எரியாதா?" என்று சாமி படத்துக்கு முன்னால் இருந்த டப்பாவை எடுத்துத் தட்டு நிறையக் கொட்டிப் பற்றவைத்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிணுகிணு என்று ஒரு சத்தம். பன்னீர்ச் செம்புக் கழுத்திலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. விஜயராஜ் விரலால் லேசாகத் தள்ளிவிட்டான். எஞ்சின் தயங்கி, ஒரு துப்புத் துப்பி, புறப்பட்டுவிட்டது. விசில் வேறு. அந்த நேரம் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க இளையரசனேந்தலிலிருந்து வந்திருந்த பேச்சித்தாய், தன்னை நோக்கிக் கற்பூரச் சுடர் தரையில் ஊர்ந்து வருவதைப் பார்த்தாள். என்ன ஏது என்று யோசிக்கவில்லை. குனிந்து இரண்டு கையையும் சுடர்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னாலேயே அவள் கூட வந்த பெண்கள் வரிசையாக ஒற்றிக்கொண்டார்கள். அண்ணாச்சியும் ஒற்றிக்கொண்டார். ஞானபூரணத்தின் கைகூடப் பாதி தூரம் போய்விட்டுத்தான் திரும்பியது. "திருநீறு இல்லையா?" என்று பேச்சித்தாய் கேட்டதும் கடையே சிரித்து உருண்டது.

அந்த மாதிரி ஒரு சந்தோஷம் ஞானபூரணத்துக்கு வந்ததே இல்லை. தன் கையால் ஒன்றுக்கு உயிர் வந்திருக்கிறது, அது தனக்கே உரியது. கிறிஸ்மஸ் அன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போய்வந்து, அந்தப் பழைய உளியை எடுத்து, எஞ்சினின் அடியில் தன் பேரைத் தன் கையால் வெட்டிக்கொள்வது என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

கற்பூரம் அடி முழுவதையும் கரியாக்கியிருந்தது. மறுநாள் காலையில் கடை திறந்ததும் ஈரத்துணியால் துடைக்க உட்கார்ந்தாள். விளக்குத் தட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்தபோது கரி எல்லா இடத்திலும் போயிற்று, ஒரு இடத்தில் மட்டும் போகவில்லை. புள்ளி புள்ளியாக நின்றது. உளிப் புள்ளிகள். தேய்ந்து தேய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பள்ளங்களில் கரி போய் உட்கார்ந்துகொண்டு எழுத்தைத் தூக்கிக் காட்டியது. யாரோ ஒரு காலத்துப் பேர் வெட்டி, நல்ல கைக்காரன், ஒழுங்காக வெட்டியிருந்தான்.

'பினாங்கு வீடு பாதுஷா. கடையநல்லூர்.'

ஈரத்துணியைக் கீழே வைத்தாள். யாரோ ஒரு பாதுஷா என்று விட்டுவிடவும் வழி இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் கடையநல்லூரிலிருந்து வந்து ஜுவைரியா என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு வேன் நிறையப் பாத்திரம் எடுத்தார்கள். அத்தனையிலும் 'பினாங்கு வீடு' என்று வெட்டியவள் இதே ஞானபூரணம். கை மரத்துப் போகும்வரை வெட்டிய பேர். வீடு தெரியும், தெரு தெரியும், போன் நம்பர்கூடக் கடையில் இருக்கும்.

துரைப்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "பெயின்ட் அடிக்க வந்த பயலுவ பரண ஒழிச்சுக் குடுத்தானுவ. வீட்டுக்காரங்க சாக்க அவுத்துப் பாக்கல" என்றான் அவன்.

"எடைக்கு வந்த சாமானுக்குப் பேராவது ஊராவது? நீ பேசாம இரி" என்றார் அண்ணாச்சி.

"இன்னொரு தடவ புளி போட்டுத் தேச்சா அந்தப் பேரு போயிரும்க்கா" என்றான் விஜயராஜ். அவனும் எத்தனை ஞாயிற்றுக்கிழமையை அதில் போட்டிருந்தான்!

உண்மைதான். ஒரு கை புளி போதும். எஞ்சின் அவளுடையது. அவர்கள் தேடவில்லை, தேடப் போவதும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் ஞானபூரணத்துக்கு, ஸ்டூலில் உட்கார்ந்து "யாரு பேரு?" என்று கேட்கும்போதெல்லாம் தன்னையே யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. எத்தனை வீட்டு வாசலில், எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள், 'பேரு இருக்குல்லா? பெறகு என்ன பேச்சு?' என்று! சனிக்கிழமை சாயங்காலம் எஞ்சினைத் துணியில் சுற்றி, கடையில் கிடந்த குக்கர் அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்துக் கட்டினாள். கட்டும்போது தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் கோயில் முடிந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். மடியில் பெட்டி. எதிரே இருந்த அம்மாள், "புது குக்கரா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பினாங்கு வீட்டில் கதவைத் திறந்தவள் ஜுவைரியா. பின்னாலேயே அவளுடைய உம்மா மகபூப் பீவி வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, கூர்மையான கண். பெட்டியைத் திறந்து எஞ்சினை வெளியே எடுத்து வைத்ததும் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாவே! இது காக்காவோட வண்டியில்லா? வாப்பா பினாங்குலருந்து கொண்டாந்தது."

காக்கா என்றது அண்ணன் பாதுஷாவை. அவர் இப்போது பினாங்கில் பிள்ளைகளோடு இருக்கிறார். "என்னத் தொடவிட மாட்டாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னுதான் பாப்பேன். தண்ணி ஊத்துததக்கூட என்னச் செய்யவிட்டதில்ல" என்றார் மகபூப் பீவி. இத்தனை வயதிலும் அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

"நீங்களே ஊத்துங்க பெரியம்மா" என்றாள் ஞானபூரணம்.

இந்தத் தடவை ஸ்பிரிட் மறக்கவில்லை. மகபூப் பீவி தண்ணீர் ஊற்றினார், தீக்குச்சி கிழித்தார். விஜயராஜ் கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்த தண்டவாளத்தில் எஞ்சின் ஓடியது. அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். திரும்பத் திரும்ப விசிலை அடிக்க விட்டார். ஜுவைரியா பினாங்குக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். திரையில் ஒரு வழுக்கைத் தலை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"யாரு ஓட்டுதது?"

"நான்தான் ஓட்டுதேன்" என்றார் மகபூப் பீவி. "இப்ப என்ன செய்வீங்க?"

மறுபக்கம் பெரிய சிரிப்பு. "என்ன செய்ய? ஓட்டு. இனிமே அது உன்னோடதுதான். வச்சுக்கோ."

போன் வைத்ததும் மகபூப் பீவி எஞ்சினைத் திருப்பி அடியைப் பார்த்தார். பாதுஷா என்ற பேரைத் தடவினார். "ஏம்மா, நீதானே பேரு வெட்டுதவ? இதுக்குக் கீழ என் பேரையும் வெட்டித் தாறியா?"

விஜயராஜ் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஞானபூரணம் கைப்பையைத் திறந்து உளியை எடுத்தாள். அந்த இடம் அவள் மனசுக்குள் தன் பேருக்கென்று குறித்து வைத்திருந்த இடம். அதைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு வெட்டினாள். 'மகபூப் பீவி' என்று, பழைய கைக்காரன் வெட்டியதற்கு ஒரு மயிரிழை குறையாமல், வரிசையாக. மகபூப் பீவி எழுத்தைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எத்தன மாசம் வேல பாத்தே?" என்று கேட்டார்.

"ஆடியிலருந்து, பெரியம்மா."

அவர் இரண்டு பேரையும் சாப்பிடாமல் விடவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறியபோது ஞானபூரணத்துக்கு அழுகை வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் மடி காலியாக இருப்பது மட்டும் சங்கரன்கோவில் வரும்வரை தெரிந்துகொண்டே இருந்தது.

கிறிஸ்மஸ் வந்தது, போனது. சொன்ன சொல் மாறாத அண்ணாச்சி குக்கர் தரவில்லை. தை மாதம் ஒரு திங்கட்கிழமை ஜுவைரியா கடைக்கு வந்தாள். கையில் அதே அட்டைப்பெட்டி.

"ஓட மாட்டேங்குதாம். உம்மா உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாங்க."

ஞானபூரணம் அன்றைக்குப் பேர் வெட்டுகிற வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பிரித்துப் பார்த்தால் கோளாறு ஒன்றும் இல்லை, விளக்குத் திரிதான் கொஞ்சம் கருகியிருந்தது. மாற்றி, சரிபார்க்கும் சாக்கில் நாலைந்து நாள் ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினாள். அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. சத்தம் வித்தியாசமாக இருக்கிறதாம். காதை வைத்துக் கேட்டாள், ஒரு சத்தமும் இல்லை. ஏஞ்சலும் கேட்டாள், அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. வயதான காது, என்னவாவது கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை வந்தபோது, சக்கரம் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞானபூரணம் ஸ்டூலில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆறு சக்கரத்துக்கும் புதிதாக எண்ணெய் விட்டிருந்தது. தட்டில் புதுத் திரி. வயிற்றில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துக் காயவைத்திருந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கை, கோளாறு என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கிறது. அன்றைக்குத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் ஞானபூரணத்துக்கு ஞாபகம் வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பட்டறையில் தண்டவாளத்தை விரித்து எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மகபூப் பீவிதான்.

"என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா பிள்ள?"

எஞ்சின் ஆவி விட்டுக்கொண்டு கோடியில் போய்த் திரும்பக் காத்து நின்றது.

"தெரிஞ்சிட்டு பெரியம்மா. கொஞ்சம் பெரிய கோளாறுதான். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் என்னத்துக்கு? பத்து நாள் வச்சு நல்லா பாத்தே அனுப்பு. அவசரம் ஒண்ணுமில்ல."

அந்த நேரம் பார்த்து எஞ்சின் நீளமாக ஒரு விசில் அடித்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் மகபூப் பீவி.

ஞானபூரணம் எஞ்சினைப் பார்த்தாள். "குக்கர், பெரியம்மா."

"ஆமாமா, குக்கர்தான்" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நல்லா வேகட்டும், எறக்கிராத."